மணற்குன்றும் நாம் இடும் குப்பையும்

கடற்கரைக்குச் செல்கிறோம். அலையில் கால் நனைய நிற்கிறோம்; கிளிஞ்சல் பொறுக்குகிறோம்; மாலைக் காற்றை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறோம். ஆனால் கடலை அடைவதற்கு முன் நாம் ஏறி இறங்கி வந்த மணல்மேட்டை எத்தனை பேர் நின்று நோக்கியிருப்போம்? கடலைக் காணவொட்டாமல் இடையே நிற்கும் ஒரு தடை என்றே பலரும் அதனை எண்ணுகின்றனர். அந்த மணல்மேட்டைப் பற்றியும், அதற்கு இன்று நேர்ந்துள்ள தீங்கு ஒன்றைப் பற்றியும் மாணவ நண்பர்களாகிய உங்களுடன் சிறிது நேரம் பேச விரும்புகிறேன்.

நம் முன்னோர் இம்மணல்மேட்டை அற்பமாக எண்ணியவர் அல்லர். சங்கப் புலவர்கள் நெய்தல் நிலத்தைப் பாடும்போதெல்லாம் இதனையும் பாடினர். அலையும் காற்றும் இட்டுக் குவித்த மணலுக்கு 'எக்கர்' என்று பெயரிட்டனர். அதன்மேல் படரும் அடும்பங்கொடியையும், அதனருகே நிற்கும் தாழையையும் புன்னையையும், அதில் வளை தோண்டி வாழும் அலவன் என்னும் நண்டையும் கூர்ந்து கண்டு எழுதிவைத்தனர். இன்றும் நம் கடற்கரையில் இவை அனைத்தையும் காணலாம்.

மணற்குன்று எவ்வாறு உண்டாகிறது? இதனை முதலில் தெரிந்துகொண்டால்தான் அதற்கு நேரும் தீங்கும் விளங்கும்.

அலைகள் கரையில் மணலைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. வெயிலில் அம்மணல் உலர்கிறது. காற்று மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் உலர்ந்த மணல் நகரத் தொடங்குகிறது. மணல் காற்றில் புழுதியைப் போல மேலே பறப்பதில்லை. ஒரு மணி எழும்பித் துள்ளி விழும்; விழுந்த இடத்தில் வேறு மணிகளைத் தட்டி எழுப்பும்; அவையும் துள்ளும். இத்துள்ளல் பெரும்பாலும் முழங்கால் உயரத்துக்குள் நடைபெறும். பாலைவன மணலை ஆராய்ந்த பாக்னால்ட் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் 1941-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இதனை அளந்து விளக்கினார்.

துள்ளி வரும் மணல் எங்கே தங்கும்? காற்றின் வேகம் குறையும் இடத்தில் தங்கும். ஓதம் ஏறி இறங்கிய பின்பு கரையில் நீளமாக ஒரு கோடு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கடற்பாசி, கடற்புல், சருகு, சுள்ளி, விதை, கிளிஞ்சல் ஆகியவை அக்கோட்டில் ஒதுங்கிக் கிடக்கும். அதனை ஒதுக்குக்கோடு என்று சொல்லிக்கொள்வோம். பார்வைக்கு அது குப்பை. உண்மையில் மணற்குன்றின் கடைக்கால் அங்கேதான் போடப்படுகிறது. ஒதுங்கிய பாசியின் மறைவில் காற்றுத் தளர்கிறது. மணல் சிறு கும்பமாகச் சேர்கிறது. பாசி மட்கி எருவாகிறது. அங்கே ஒதுங்கிய விதை அந்த எருவில் முளைக்கிறது.

முதலில் வரும் செடிகளுள் இரண்டை நீங்கள் எளிதில் அடையாளம் காணலாம். ஒன்று அடும்பு. ஆட்டின் குளம்பு மணலில் பதிந்தாற்போன்ற இலையும், இளஞ்சிவப்பு கலந்த ஊதாப் பூவும் கொண்டு, பல அடி தூரம் கொடி ஓடும். மற்றொன்று இராவணன் மீசை என்று மக்கள் அழைக்கும் முரட்டுப் புல். அதன் விதைக்கொத்து முள்ளுருண்டை போலக் காற்றில் கரையோரமாக உருண்டோடும். ஒதுங்கிய இடத்தில் வேரூன்றும். இச்செடிகளுக்கு ஓர் அரிய இயல்பு உண்டு. மணல் மூடினால் இவை மடிவதில்லை. மூடிய மணலிலேயே கணுவுக்குக் கணு வேர்விட்டு மேலெழுகின்றன. செடி மணலைப் பிடிக்கிறது. பிடித்த மணலின்மேல் செடி ஏறுகிறது. ஏறிய செடி மேலும் மணலைப் பிடிக்கிறது. இவ்வாறு அங்குலம் அங்குலமாகக் குன்று வளர்கிறது.

இங்கு ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். மணற்குன்று தன்னிடம் வந்து சேர்வதைப் பிடித்து வைத்துக்கொண்டே வளர்வது. அதற்கு வேறு வழி இல்லை. இதுவே அதன் பலம். இன்று அதன் துன்பத்துக்குக் காரணமும் இதுவே.

இக்குன்றினால் நமக்கு என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது காவல். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மணற்குன்றுகள் உயர்ந்து உறுதியாக நின்ற பகுதிகளில் அலையின் வேகம் தணிந்தது. ஆற்று முகத்துவாரங்களின் வழியாகவும், மேடுகள் மட்டமாக்கப்பட்ட இடங்களின் வழியாகவும் நீர் உள்ளே பாய்ந்தது. அதே நாளில் இலங்கையின் யால வனப்பகுதியிலும் இவ்வாறே நிகழ்ந்தது. அங்கே ஒரு விடுதியின் முன்னால் இருந்த மணற்குன்றின் ஒரு பகுதியைக் கடற்காட்சி தெரியவேண்டும் என்று முன்பே அகற்றியிருந்தனர். அவ்விடுதி முற்றிலும் அழிந்தது. குன்று கலையாமல் நின்ற அண்டைப் பகுதிகள் பெரும்பாலும் தப்பின.

இரண்டாவது நன்னீர். மழைநீர் மணற்குன்றில் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. நன்னீரின் எடை சற்றுக் குறைவு என்பதே இதற்குக் காரணம். கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கக்கூடும் என்பது அறிவியல் கணக்கு. சுற்றிலும் உப்புநீர் இருக்க, கடற்கரைப் பெண்கள் மணலில் ஊற்றுத் தோண்டிக் குடிநீர் முகப்பது இதனால்தான்.

மூன்றாவது உயிர்களின் உறைவிடம். வேதாரணியத்துக்குத் தெற்கே உள்ள கோடியக்கரைக்குச் சென்றிருக்கிறீர்களா? வேதாரணியம் என்றதும் 1930-ஆம் ஆண்டின் உப்புச் சத்தியாக்கிரகம் நம் நினைவுக்கு வரும். அதே மண்ணில், மணற்குன்றுகளின்மேலேயே, என்றும் பசுமை மாறாத ஒரு காடு நிற்கிறது. வெளிமான்கள் அங்கே மேய்கின்றன. குளிர்காலத்தில் பறவைகள் தொலைவான நாடுகளிலிருந்து அதனை அடுத்த நீர்நிலைகளுக்கு வந்து சேர்கின்றன. 1967-இல் அது வனவிலங்குப் புகலிடமாயிற்று. 2002-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது. இராமர் பாதம் என்று மக்கள் வணங்கும் இடமும் அங்குள்ள ஓர் உயர்ந்த மணற்குன்றே.

இத்தகைய குன்றுக்கு இப்பொழுது ஒரு புதிய பொருள் வந்து சேர்ந்திருக்கிறது. அதுதான் பிளாஸ்டிக், நெகிழி என்று தமிழில் வழங்குகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடலோர ஊருக்கு மாணவர் சிலரை அழைத்துச் சென்றிருந்தேன். மழைக்காலப் புயல் ஒன்று அடித்து ஓய்ந்திருந்த நேரம். அலை மோதி, மணற்குன்றின் கடல்பக்கத்தைக் கத்தியால் வெட்டியதுபோல் அறுத்திருந்தது. அந்த வெட்டுமுகத்தில் மணல் அடுக்கடுக்காகத் தெரிந்தது. இடையிடையே நீலமும் சிவப்பும் வெள்ளையுமாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு மாணவன் அவற்றுள் ஒன்றைப் பற்றி இழுத்தான். வந்தது ஒரு தின்பண்ட உறை. மணலைத் தட்டிவிட்டுப் பார்த்தான். எழுத்து அழியவில்லை, தயாரித்த ஆண்டும் தெளிவாகத் தெரிந்தது. 'ஐயா, இது நான் பிறந்த வருஷம்' என்றான். சற்று நேரம் யாரும் பேசவில்லை. அவன் பிறந்து, தவழ்ந்து, நடந்து, கல்லூரிக்கு வரும்வரை அந்த உறை அந்த இருட்டில் மாறாமல் கிடந்திருக்கிறது.

பிளாஸ்டிக்குக்கு வயது அதிகமில்லை. பேக்லாந்து என்பவர் 1907-இல் முழுவதும் செயற்கையான முதல் பிளாஸ்டிக்கைச் செய்தார். இன்று பைகளாக நம் கையில் இருக்கும் பாலித்தீன் 1933-இல் இங்கிலாந்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எதிர்பாராத வகையில் கிடைத்தது. 1950-இல் உலகம் முழுவதும் செய்த பிளாஸ்டிக் ஏறக்குறைய 20 லட்சம் டன். இன்று ஆண்டுதோறும் 40 கோடி டன்னுக்கு மேல் செய்கிறோம். 2010-ஆம் ஆண்டில் மட்டும் 48 லட்சம் முதல் 127 லட்சம் டன் வரை நிலத்திலிருந்து கடலுக்குச் சென்றிருக்கும் என்று 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

கடலுக்குச் சென்றது அங்கேயே நிற்பதில்லை. பாலித்தீன் நீரைவிட இலேசானது, ஆகையால் மிதக்கிறது. மிதப்பதை அலை கரைக்குத் தள்ளுகிறது. தள்ளுவது எங்கே? நாம் முன்பு கூறிய அதே ஒதுக்குக்கோட்டில்தான். பாசியும் விதையும் கிடக்கும் அவ்விடத்தில் உறையும் புட்டியும் மூடியும் அறுந்த நரம்பு வலையும் கிடக்கின்றன. உல்லாசமாகக் கடற்கரைக்கு வருபவர் எறிவதும், நகரத்துச் சாக்கடைகளும் ஆறுகளும் வெள்ளத்தில் கொண்டுவருவதும் அங்கே சேர்கின்றன. காற்று அவற்றைக் குன்றுக்கு உருட்டுகிறது. அடும்பும் இராவணன் மீசையும் மணலைப் பிடிப்பதுபோலவே அவற்றையும் பிடித்துக்கொள்கின்றன. மணல் வந்து மூடுகிறது. இது வேண்டும், இது வேண்டாம் என்று பிரித்தறியக் குன்றுக்கு அறிவில்லை.

சேர்ந்த பிளாஸ்டிக் என்ன ஆகிறது? மணலின்மேல் கிடப்பது கடும் வெயிலில் காய்ந்து, முறுமுறுப்பாகி, மணலில் உராய்ந்து நொறுங்குகிறது. இது மட்குதல் அன்று, பொடியாதல். ஐந்து மில்லிமீட்டருக்கும் சிறிய இத்துகள்களுக்கு 'மைக்ரோபிளாஸ்டிக்' என்னும் பெயரை ஆங்கிலேய அறிஞர் ரிச்சர்ட் தாம்ப்சன் 2004-இல் பரவச் செய்தார். மணல் என்பது இரண்டு மில்லிமீட்டருக்கு உட்பட்ட கற்றுகள். ஆகவே அளவில் இத்துகள் மணலோடு மணலாகக் கலந்துவிடுகிறது. பிறகு அதனைப் பிரித்தெடுப்பது மிகவும் கடினம். ஆழத்தில் புதைந்ததோ வெயில் படாமையால் நொறுங்காமல் பல ஆண்டுகள் அப்படியே கிடக்கிறது. புயல் குன்றை அறுக்கும்போது மீண்டும் கடலுக்குச் செல்கிறது. எறிந்தவன் மறந்த பொருளை எறிந்தவன் மகனுடைய காலத்துக் கடல் திரும்பப் பெறுகிறது.

பிளாஸ்டிக் பண்டங்கள் செய்வதற்கு மூலப்பொருளாக அரிசியளவு சிறு மணிகள் கப்பல்களில் செல்கின்றன. 2021-ஆம் ஆண்டு மே மாதம் கொழும்புக்கு அருகே 'எக்ஸ்-பிரஸ் பேர்ல்' என்னும் கப்பல் தீப்பற்றி, பின்பு மூழ்கியது. ஏறக்குறைய 1680 டன் மணிகள் கடலில் கலந்தன; இலங்கையின் மேற்குக் கரையில் அவை பனிபோலக் குவிந்தன. 2025-ஆம் ஆண்டு மே 25-ஆம் நாள் 'எம்.எஸ்.சி. எல்சா 3' என்னும் கப்பல் கொச்சிக்கு அப்பால் மூழ்கியது. அதிலிருந்த மணிகள் திருவனந்தபுரம் கரையிலும் நம் கன்னியாகுமரி மாவட்டக் கரையிலும் ஒதுங்கின. தொண்டர்கள் சல்லடை கொண்டு மணலைச் சலித்தனர். பிளாஸ்டிக் மணியையும் மணலையும் பிரிப்பது எவ்வளவு அரிய வேலை என்பதை அவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இனி, இதனால் குன்றுக்கு விளையும் கேடு யாது? முதலில் செடியைப் பார்ப்போம். விரிந்து கிடக்கும் பை பாய்போல நாற்றை மூடி ஒளியை மறைக்கிறது. அதுமட்டுமன்று. இத்தாலி நாட்டில் பீசா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் பைகளை நீரில் ஊறவைத்து, அந்நீரை மணற்குன்றுச் செடிகளின் விதைகளுக்கு விட்டுப் பார்த்தனர். முளைப்பிலும் நாற்றின் வளர்ச்சியிலும் மாறுதல்கள் தோன்றின என்று 2019-இல் எழுதினர். எளிதில் மட்கும் என்று விற்கப்படும் பையும் இதற்கு விலக்காகவில்லை. செடி தளர்ந்தால் மணலைப் பிடிப்பது யார்?

அடுத்து, உயிரினங்கள். நம் கரைக்குத் தை முதல் பங்குனி வரை முட்டையிட வரும் பங்குனி ஆமை, ஓதம் எட்டாத மேட்டுமணலில் குழி தோண்டி நூறு முட்டை அளவில் இடுகிறது. ஏறக்குறைய 50 நாளில் குஞ்சுகள் வெளிவந்து, கரிய குன்றுக்கு முதுகைக் காட்டி, ஒளிரும் கடலை நோக்கி ஊர்கின்றன. விரல்நீளக் குஞ்சுக்கு வழியில் கிடக்கும் வலைத்துண்டு ஒரு மதில். கவிழ்ந்த குவளை ஒரு சிறை. குஞ்சு ஆணாவதும் பெண்ணாவதும் மணலின் வெப்பத்தைப் பொறுத்தவை. ஹவாய்த் தீவில் கமிலோ என்னும் கடற்கரையை ஆராய்ந்தவர்கள், பிளாஸ்டிக் துகள் கலந்த மணல் மெதுவாகவே வெப்பமடைகிறது என்றும், நீர் அதில் விரைவாக இறங்குகிறது என்றும் 2011-இல் கண்டனர். ஆகையால் மணலின் தன்மை மாறுவது ஆமைக்குச் சிறு செய்தியன்று. காலிச் சங்கில் குடிபுகும் துறவி நண்டின் கதையோ இன்னும் இரங்கத்தக்கது. இந்துமாக்கடலின் கோகோஸ் தீவுகளிலும், பசிபிக் கடலின் ஹெண்டர்சன் தீவிலும், கரையொதுங்கிய புட்டிகளுக்குள் புகுந்து வெளியேற முடியாமல் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட நண்டுகள் மடிந்தன என்று ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிட்டுள்ளனர்.

இவற்றைக் கேட்டதும், 'உடனே இயந்திரங்களைக் கொண்டுவந்து கடற்கரை முழுவதையும் வாரித் துடைத்துவிடலாமே' என்று உங்களுள் சிலர் எண்ணலாம். நல்லெண்ணந்தான். ஆனால் இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். இயந்திரம் பிளாஸ்டிக்கை மட்டும் பொறுக்குவதில்லை. பாசியை வாருகிறது, விதையை வாருகிறது, அப்பொழுதுதான் தலையெடுத்த அடும்பு நாற்றை வேரோடு பிடுங்குகிறது. கடைக்கால் போடும் ஒதுக்குக்கோட்டையே அழித்துவிடுகிறது. கலிபோர்னியாவின் தென்கரையில் இவ்வாறு நாள்தோறும் வாரப்பட்ட கடற்கரைகளில் செடிகள் குறைந்து, மணற்குன்று எழ இடமே இல்லாமற் போயிற்று என்று அறிஞர்கள் கண்டறிந்தனர். குப்பைக்கு அஞ்சிக் குன்றை இழப்பது, எலிக்கு அஞ்சி வீட்டைக் கொளுத்துவது போன்றது அன்றோ?

அதே கலிபோர்னியாவில் சாந்தா மோனிக்கா என்னும் நகரத்தார் 2016-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு சோதனை செய்தனர். கடற்கரையில் மூன்று ஏக்கர் இடத்தில் இயந்திரத்தை நிறுத்தினர். அவ்வூர்க் கரைக்குரிய செடிகளின் விதைகளைத் தூவினர். மெல்லிய வேலி ஒன்றும் கட்டினர். மறு ஆண்டே உப்புக்கொத்தி இனத்துச் சிறு பறவையொன்று அங்கே கூடு கட்டியது. ஏறக்குறைய 70 ஆண்டுகளாக அம்மாவட்டக் கரையில் அது கூடு கட்டியதில்லை. சில ஆண்டுகளில் மணலும் மூன்றடி வரை உயர்ந்தது. இடையூறு செய்யாமல் விட்டால் கடலும் காற்றும் செடியும் தம் வேலையைத் தாமே செய்துகொள்ளும் என்பதற்கு இது சான்று.

ஆகவே குன்றிலுள்ள பிளாஸ்டிக்கைக் கையால் பொறுக்குவதே தக்க முறை. கைக்குக் கண் துணை. எது பாசி, எது பை என்று பிரித்துப் பார்க்கும். மேலே கிடப்பதை எடுக்கலாம்; புதைந்ததை எடுப்பதற்காகச் செடி படர்ந்த குன்றைத் தோண்டலாகாது. பொறுக்கும்போது குன்றின்மேல் ஒரே ஒற்றையடிப் பாதையில் நடந்து செல்ல வேண்டும்.

பொறுக்குவது மட்டும் போதாது. வருவதையும் தடுக்க வேண்டும். சட்டங்கள் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் 2019-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து, ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்கள் தடைசெய்யப்பட்டன. 2022 ஜூலையில் இந்தியா முழுவதற்கும் இத்தகைய தடை ஒன்று வந்தது. கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை மணற்குன்றுகளை மிகுந்த பாதுகாப்புக்குரிய முதல் வகுப்பில் சேர்த்திருக்கிறது. ஆயினும் தடைசெய்யப்பட்ட பையைக் கடைக்காரர் கொடுக்கிறார், நாமும் வாங்கிக்கொள்கிறோம். சட்டம் ஏட்டில் இருக்கிறது. பை கையில் இருக்கிறது.

மாணவரால் என்ன முடியும் என்று கேட்பீர்களானால், ஓர் எடுத்துக்காட்டுச் சொல்வேன். சென்னையில் 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று இயங்கி வருகிறது. ஆமைகள் முட்டையிடும் மாதங்களில் அதன் இளைஞர்கள் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடைப்பட்ட கரையில் நள்ளிரவில் நடந்து, முட்டைகளைக் கண்டெடுத்துக் காத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகின்றனர். தலைமுறைக்குத் தலைமுறை மாணவர் மாறியும் நடை நிற்கவில்லை. அத்தகைய உறுதியோடு உங்கள் ஊர்க்கரையில் ஒரு பர்லாங்கு தூர மணற்குன்றை உங்கள் பள்ளி ஏற்றுக்கொள்ளலாகாதா? திங்கள்தோறும் ஒருநாள் சென்று, பொறுக்கியதை வகைபிரித்து எண்ணி, ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். உறை எத்தனை, புட்டி எத்தனை, வலைத்துண்டு எத்தனை என்பது தெரிந்தால், எங்கே தடுக்க வேண்டும் என்பதும் தெரியும். கடலோரத்தில் இல்லாதவர் தம் ஊர் வாய்க்காலில் இதனைச் செய்யலாம். அவ்வாய்க்காலும் ஒருநாள் கடலுக்குச் செல்வதுதானே.

அன்று வெட்டுமுகத்திலிருந்து உறையை இழுத்த மாணவன் அதனைக் கீழே போடவில்லை. மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டான். திரும்பும்போது எல்லோரும் குன்றின்மேல் அங்குமிங்கும் ஓடாமல், ஏறிவந்த ஒற்றையடிப் பாதையிலேயே இறங்கினார்கள். அடுத்த முறை கடற்கரைக்குச் செல்லும்போது நீங்களும் அம்மணல்மேட்டின் அடியில் ஒரு நிமிடம் நில்லுங்கள். நாம் கொடுப்பதையெல்லாம் மறுக்காமல் வாங்கி, நம் பிள்ளைகளுக்காக வைத்திருக்கும் இடம் அது. அதற்கு எதைக் கொடுப்பது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.